முறுக்கு ஒரு கிலோ, கொரியர் பில் மூணு கிலோ: காத்துக்கு எவ்வளவு கட்டுறீங்க?



"கொரியர்ல எடையில ஏமாத்துறாங்க சார்." சைடு பிசினஸ் பண்ற பசங்க என்கிட்ட அதிகமா சொல்ற புகார் இதுதான். வீட்டுத் தராசுல வெச்சா ஒன்றரை கிலோகூட வராத பார்சலுக்கு மூணு கிலோவுக்கு பில் வருது. கோபம் வரத்தான் செய்யும். ஆனா இதுல என் கருத்து வேற. பெரும்பாலும் அங்க யாரும் ஏமாத்தல. பெட்டிக்குள்ள இருக்குற காத்துக்கும் சேர்த்து பில் போட்டிருக்காங்க. அந்தக் காத்தை உள்ள வெச்சு டேப் ஒட்டினது நீங்க.

வீடியோவுல இதோட ஃபார்முலாவை மட்டும் வேகமா சொல்லிட்டுப் போயிட்டேன். இங்க நிதானமா பேசலாம். சம்பளத்துக்கு மேல மாசம் ஐயாயிரம், பத்தாயிரம் எதிர்பார்த்து வீட்டுல இருந்து பொருள் விக்க ஆரம்பிக்கிறவங்களுக்கு, லாபம் மொத்தமும் சத்தமில்லாம போற இடம் இந்த அட்டைப்பெட்டிதான்.

சாயங்காலம் ஆறு மணிக்கு நம்ம செங்கம் ரோட்டுலயோ போளூர் ரோட்டுலயோ கொரியர் வேன் பார்சல் ஏத்துறதைக் கொஞ்ச நேரம் நின்னு பாருங்க. அந்த வேனுக்கு ரெண்டு எல்லை இருக்கு. எவ்வளவு எடை தாங்கும், எவ்வளவு இடம் இருக்கு. பித்தளைக் குத்துவிளக்கா ஏத்தினா பாதி வேன் காலியா இருக்கும்போதே எடை முடிஞ்சிடும். தலையணையா ஏத்தினா எடை ஒண்ணும் இருக்காது, ஆனா கதவு மூடாது. டீசல், டிரைவர் சம்பளம், டோல் ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். எடைக்கு மட்டும் காசு வாங்கினா தலையணைக்காரர் போற செலவைக் குத்துவிளக்குக்காரர் தலையில கட்டுற மாதிரி ஆயிடும். அதனாலதான் இடத்தையும் எடையா மாத்தி ஒரு கணக்கு வெச்சிருக்காங்க. பேரு வால்யூமெட்ரிக் வெயிட்.

பெட்டியோட நீளம், அகலம், உயரம் மூணையும் சென்டிமீட்டர்ல அளந்து பெருக்குங்க. 5000-ஆல வகுங்க. வர்ற நம்பர்தான் கிலோ. தராசு காட்டுற எடை, இந்த எடை, ரெண்டுல எது அதிகமோ அதுக்குத்தான் பில்.

5000 கன சென்டிமீட்டர்ங்கிறது ஒரு பக்கம் 17 சென்டிமீட்டர் இருக்குற கனசதுரப் பெட்டியைவிடக் கொஞ்சம்தான் பெருசு. அதுல தண்ணி ஊத்தினா அஞ்சு கிலோ பிடிக்கும். கொரியர் கம்பெனி கேக்குறது அஞ்சு கிலோ இல்ல, ஒரு கிலோ. தண்ணியோட அடர்த்தியில அஞ்சுல ஒரு பங்கு உங்க பார்சல்ல இருந்தா போதும், எடைக்கு மட்டும் கட்டிட்டுப் போகலாம். கேட்க சுலபமா இருக்கு இல்ல? நம்ம வீட்டுல செய்ற பலகாரம் பாதி இந்தப் பரீட்சையில ஃபெயில்.

இதுக்கு மேல ஸ்லாப் வேற. பல இடத்துல 500 கிராம் 500 கிராமாத்தான் ரேட் ஏறும். 1.5 கிலோவுக்கு மூணு ஸ்லாப். 1.52 கிலோன்னா நாலு. அந்த 20 கிராம் நீங்க சுத்தின டேப்பா இருக்கலாம்.

போன தீபாவளி முடிஞ்சதும் ஒரு தம்பி பேசினார். வயசு 26, பெங்களூர்ல ஐடி வேலை. அம்மா திருவண்ணாமலை வீட்டுல கைமுறுக்கு சுத்துறாங்க, தங்கச்சி இன்ஸ்டாகிராம்ல ஆர்டர் எடுக்குறாங்க. சென்னை, கோயம்புத்தூர்னு மாசம் 30 ஆர்டர். "நல்லா போகுது சார், வேலையை விட்டுட்டு முழுசா இதுலயே இறங்கலாமா?" பெட்டி என்ன சைஸ்னு கேட்டேன். நான் ஏதோ ஜோக் அடிக்கிறேன்னு நினைச்சு சிரிச்சார்.

அவர் கணக்கை ரவுண்டா சொல்றேன். ஒரு கிலோ முறுக்கு 600 ரூபாய், டெலிவரி ஃப்ரீ. பெட்டி 30×25×20. பெருக்கினா 15,000, வகுத்தா 3 கிலோ. தராசுல வெச்சா அட்டைப்பெட்டியோட சேர்த்து 1.3 கிலோதான். 500 கிராமுக்கு 40 ரூபாய்னு வெச்சா ஆறு ஸ்லாப், 240 ரூபாய். அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி 43.20. மொத்தம் 283.20. அரிசி, உளுந்து, எண்ணெய், கேஸ், பெட்டி எல்லாம் சேர்த்து ஒரு கிலோவுக்கு 380. ஆக 600-ல 380 போனா மிச்சம் 220, அதுல 283.20 கொரியருக்கு. ஒவ்வொரு ஆர்டருக்கும் 63.20 ரூபாய் கையை விட்டுப் போகுது. மாசம் 1,896 ரூபாய் நஷ்டம்.

அவருக்கு ஏன் தெரியல? ஜிபேல மாசம் 18,000 ரூபாய் வந்துட்டே இருந்தது. கொரியர் காசு ஒரு வாலெட்ல இருந்து போகுது, அந்த வாலெட்டை ரீசார்ஜ் பண்றது அவரோட சம்பள அக்கவுண்ட். ரெண்டும் ஒரே பக்கத்துல எழுதிப் பாக்கல. இதுல எனக்கு உறுத்தினது வேற ஒண்ணு. அந்த 380-ல அம்மாவோட கூலி ஒரு ரூபாய்கூட இல்ல. அம்மா அடுப்பு முன்னாடி உக்காந்து சுத்துறாங்க, மகன் சம்பளத்துல இருந்து கொரியருக்குக் கட்டுறார், வாங்குறவங்களுக்கு ஃப்ரீ டெலிவரி. இதை நம்பி வேலையை விடவா?

இப்போ அதே ஒரு கிலோ முறுக்கு. கொட்டி மூடாம, பத்து பத்தா அடுக்கி பட்டர் பேப்பர்ல உருட்டி வெச்சா 25×20×15 பெட்டி போதும். ஒவ்வொரு பக்கத்துலயும் 5 சென்டிமீட்டர்தான் குறைஞ்சிருக்கு. ஆனா 7,500-ஐ 5000-ஆல வகுத்தா ஒன்றரை கிலோ. பில் பாதி: 141.60. நஷ்டம் 63.20 இருந்த இடத்துல லாபம் 78.40. மாசத்துக்கு 2,352. ரெண்டு பெட்டிக்கும் நடுவுல மாசம் 4,248 ரூபாய் வித்தியாசம், வருஷத்துக்கு 50,976. எஸ்ஐபிய எந்த ஃபண்டுல போடலாம்னு மூணு மாசம் ரிசர்ச் பண்றவங்க, ஒரு இன்ச் டேப்பை எடுக்க யோசிக்கிறாங்க!

"சின்னப் பெட்டின்னா முறுக்கு உடைஞ்சிடுமே சார்?" காலி இடம் இருந்தாத்தான் அதிகமா உடையும். உள்ள உருள இடம் கிடைச்சா ஒண்ணோட ஒண்ணு மோதும். இறுக்கமா அடுக்கி, ஓரத்துல மட்டும் கொஞ்சம் குஷன் குடுத்தா போதும்.

பெரிய பெட்டிதான் வேணும்னா அதுக்கும் ஒரு வழி இருக்கு. 3 கிலோவுக்குக் கட்டுறோம், உள்ள 1.3 கிலோதான் இருக்கு. அப்போ 1.7 கிலோ ஏற்கெனவே காசு கட்டின இடம். அதுல ஜவ்வாது மலை சாமை ஒரு கிலோ, பருப்புப் பொடி அரை கிலோ வெச்சு காம்போவா வித்தா, அதைக் கொண்டு போக ஒரு பைசா கூடுதல் செலவு கிடையாது. கனமான பொருளையும் லேசான பொருளையும் கலந்து ஏத்துறது லாரிக்காரங்களுக்குப் பழகின வித்தை.

நம்ம மாவட்டத்துப் பொருளையே எடுத்துப் பாருங்க, ஒவ்வொண்ணுக்கும் பிரச்சினை வேற வேற. ஜவ்வாது மலைத் தேன் ஒரு லிட்டர் சுமார் 1.4 கிலோ. அதுக்கு இடம் பிரச்சினையே இல்ல, எடைதான். கண்ணாடி பாட்டில் போட்டா பாட்டிலுக்கும் சேர்த்துக் கட்டணும். அங்க பெட்டியைச் சுருக்கி ஒரு பிரயோஜனமும் இல்ல, பாட்டிலை மாத்தணும். வந்தவாசிப் பக்கத்துக் கோரைப்பாய் நேர் எதிர். 120 சென்டிமீட்டர் நீளத்துக்கு, 12 சென்டிமீட்டர் தடிமனுக்குச் சுருட்டினா, கொரியர்ல அதை உருளையா பாக்க மாட்டாங்க, 120×12×12 பெட்டியாத்தான் பாப்பாங்க. கிட்டத்தட்ட மூன்றரை கிலோ வரும். நாலு மூலையிலயும் இல்லாத இடத்துக்கு, அதாவது மொத்தத்துல ஐந்தில் ஒரு பங்குக்கு மேல, சும்மா கட்டுறோம். நீளம் அதிகம்னு தனியா சார்ஜ் போடுறவங்களும் உண்டு. கார்த்திகைக்கு மண் அகல் அனுப்புறவங்க பாடு இன்னும் மோசம். உடையாம இருக்க பபுள் ராப் சுத்தச் சுத்த விளக்கைவிட ராப்புதான் இடம் பிடிக்கும்.

ஆரணிப் பட்டு விஷயத்துல நான் கொஞ்சம் கோபமாவே பேசுவேன். ஒரு புடவை 600 கிராம்னு வெச்சுக்கோங்க. மடிச்சு, தண்ணி புகாத கவர்ல போட்டா 35×25×5. வால்யூமெட்ரிக் 0.875 கிலோ, ஒரு கிலோ ஸ்லாப். அதையே 'அன்பாக்ஸிங் எக்ஸ்பீரியன்ஸ்'னு யாரோ ரீல்ஸ்ல சொன்னாங்கன்னு 40×30×8 கிஃப்ட் பாக்ஸ்ல வெச்சா 1.92, ரெண்டு கிலோ ஸ்லாப். கொரியர் செலவு இரட்டிப்பு, பாக்ஸ் விலை தனி. புடவை வாங்குறவங்க ஜரிகையையும் கலரையும் பாத்துத்தான் வாங்குறாங்க. பாக்ஸ் வேணும்கிறவங்களுக்கு 'கிஃப்ட் பேக்கிங்'னு தனி ரேட் போட்டுக் குடுங்க. கல்யாணத்துக்கு வாங்குறவங்க சந்தோஷமா குடுப்பாங்க.

புத்தகம் இந்த ஊர்ல இருந்து நிறைய போற பொருள். ரமணாசிரமப் புத்தகக் கடையில வாங்கி ஊருக்கு அனுப்புறவங்களைப் பாத்திருப்பீங்க. புத்தகம் அடர்த்தியானது, அதனால தராசு எடைக்குத்தான் பில். இதுக்கு தபால் துறையில 2025 மே 1-ல இருந்து 'ஞான் போஸ்ட்'னு ஒரு சேவை இருக்கு. 300 கிராம் வரைக்கும் 20 ரூபாய், அதிகபட்சம் 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. தரை வழியாத்தான் போகும், அதனால மெதுவா போகும். அச்சடிச்ச புத்தகமா இருக்கணும், வியாபார விளம்பரம் இருக்குற வெளியீடு ஆகாது. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற தங்கச்சிக்கு பழைய புத்தகம் அனுப்பணும்னா தனியார் கொரியர் பக்கம் போகவே தேவையில்ல.

விக்கிறதே இல்ல, எப்பவாச்சும் டாக்குமெண்ட் அனுப்புறேன்னு சொல்றவங்களுக்கும் ஒண்ணு இருக்கு. 2025 அக்டோபர் 1-ல இருந்து ஸ்பீட் போஸ்ட் டாக்குமெண்ட் ரேட் மாறியிருக்கு. 50 கிராம் வரைக்கும் உள்ளூருக்கு 19 ரூபாய், வெளியூர்னா நாட்டுல எங்க போனாலும் 47. 51-ல இருந்து 250 கிராம்னா வெளியூருக்கு தூரத்தைப் பொறுத்து 59-ல இருந்து 77 வரைக்கும். ஜிஎஸ்டி தனி. ஏ4 தாள் ஒண்ணு சுமார் 5 கிராம். ஆறு தாள், ஒரு கவர், 50 கிராமுக்குள்ள அடங்கிடும். கசங்கக் கூடாதுன்னு பிளாஸ்டிக் ஃபைல்ல வெச்சு அனுப்பினா அடுத்த ஸ்லாப். எடைக்கு மட்டும் காசு, தூரத்துக்கு இல்லங்கிற யோசனை 1854-லயே நம்ம தபால்ல வந்தது. அந்த 47 ரூபாய்ல அதோட மிச்சம் இன்னும் இருக்கு.

இது இந்தியாவுல மட்டும் நடக்குற கூத்துன்னு நினைக்காதீங்க. அமெரிக்காவுல தரைவழிப் பார்சல்ல 3 கன அடிக்குக் கீழ இருந்தா முன்னாடி நிஜ எடைக்குத்தான் பில். யுபிஎஸ் 2014 டிசம்பர் கடைசியில, ஃபெடெக்ஸ் 2015 ஜனவரியில அந்தச் சலுகையை எடுத்துட்டாங்க. அதுக்கு அப்புறம் சின்னப் பெட்டியும் அளந்துதான் போகுது. ஐகியா இதை எப்பவோ புரிஞ்சுக்கிட்ட கம்பெனி. 1956-ல ஒரு மேசை காருக்குள்ள போகலன்னு காலைக் கழட்டி ஏத்தினதுல இருந்துதான் தட்டையா பேக் பண்ற யோசனை வந்ததுன்னு அவங்களே சொல்லுவாங்க. மேசைக் காலுக்கு நடுவுல இருக்குற காத்தை அனுப்பக் கூடாது, அவ்வளவுதான் விஷயம்.

கொரியர்காரங்க மேல எனக்கு விமர்சனமே இல்லன்னு அர்த்தம் இல்ல. அந்த 5000-ங்கிற நம்பர் கல்லுல செதுக்கினது கிடையாது. விமான கார்கோவுல பழகின நம்பர் 6000. ரேட் கார்டுல ஒரு ரூபாய்கூட ஏத்தாம, 6000-ஐ 5000 ஆக்கினா இடத்துக்குக் கட்டுறவங்களுக்கு 20% ஏத்தம். 5000-ஐ 4000 ஆக்கினா 25%. நம்ம முறுக்குப் பெட்டியே 6000-ல 1.25 கிலோ, 5000-ல 1.5, 4000-ல 1.875. "எங்க ரேட் கிலோவுக்கு அஞ்சு ரூபாய் கம்மி சார்"னு யாராவது சொன்னா, எதால வகுக்குறீங்கன்னு கேளுங்க. லாரி பார்சல் ஆபீஸ்ல 'கன அடிக்கு 10 கிலோ'ன்னு சொல்லுவாங்க. ஒரு கன அடி 28,317 கன சென்டிமீட்டர். பத்தால வகுத்தா சுமார் 2,830. அதாவது அங்க உங்க பெட்டி கொரியரைவிட ஒண்ணே முக்கால் மடங்கு கனமாத் தெரியும். கிலோ ரேட் அந்த அளவுக்குக் குறைவா இருந்தா லாபம், இல்லன்னா இல்ல. இந்த வகுக்கும் எண்ணை ரேட் கார்டுல பொடி எழுத்துல போடாம, ரேட்டுக்குப் பக்கத்துலயே போடணும்கிறது என் கருத்து.

வரிப் பக்கம் ஒரு விஷயம் சொல்லிட்டுப் போறேன், இல்லன்னா சிஏ படிச்சதுக்கு அர்த்தமே இல்ல. சைடு பிசினஸ் வருமானம் வந்தா வெறும் ஐடிஆர்-1 போதாது. நிறைய பேர் சுலபமா இருக்குன்னு உத்தேச வருமான முறைக்குப் போறாங்க, 44ஏடின்னு நாம பழகினது. டிஜிட்டலா வந்த விற்பனையில 6% லாபம்னு கணக்கு. நம்ம தம்பியோட விற்பனை வருஷத்துக்கு 2,16,000. அதுல 6%, 12,960 ரூபாய் லாபம்னு காட்டி வரி கட்டணும். நிஜத்துல பழைய பெட்டியில அவருக்கு வருஷம் 22,752 ரூபாய் நஷ்டம். இந்த முறையில கொரியர் செலவைத் தனியா கழிக்க முடியாது. அந்த 6%-ஐ விடக் குறைவா காட்டணும்னா கணக்குப் புத்தகம் ஒழுங்கா வெச்சிருக்கணும், சில நேரம் ஆடிட் வரைக்கும் போகும்.

ஜிஎஸ்டில, தமிழ்நாட்டுக்குள்ள மட்டும் பொருள் விக்கிறவங்களுக்கு 40 லட்சம் விற்பனை வரைக்கும் பொதுவா பதிவு தேவையில்ல. ஆனா வரி உள்ள பொருளை ஓசூர் தாண்டி பெங்களூருக்கு வித்தா, ஒரே ஒரு பார்சலா இருந்தாலும், பொதுவா பதிவு வேணும். சில கைவினைப் பொருளுக்கு மட்டும் விலக்கு உண்டு. பதிவு இல்லாதவங்களுக்கு கொரியர் பில்லுல இருக்குற 18% திரும்ப வராது, முழுக்கச் செலவுதான். அதனாலதான் மேல கணக்குல அதைச் சேர்த்தேன்.

அந்தத் தம்பிக்கு நான் சொன்ன பதில்: வேலையை விடாதீங்க. முதல்ல பெட்டியை மாத்துங்க. அப்புறம் அம்மாவுக்கு கிலோவுக்கு இத்தனைன்னு கூலி எழுதுங்க. 78 ரூபாய் லாபத்துல அதை எழுதினா மறுபடி ஒண்ணும் மிஞ்சாதுன்னு உடனே தெரியும். அப்போ டெலிவரியைத் தனியா வாங்கணும். '600 ஃப்ரீ டெலிவரி'க்குப் பதிலா '520 + டெலிவரி 140'. மொத்தம் 660. நாலு பேர் போவாங்க, போகட்டும். ஒரு ஆர்டருக்கு 63 ரூபாய் நஷ்டத்துல விக்கும்போது கஸ்டமர் அதிகமாக அதிகமா நஷ்டமும் அதிகம். பௌர்ணமி கிரிவலத்துக்கு வர்ற சென்னை, பெங்களூர் கஸ்டமர்கள் நேர்ல வந்து வாங்கிக்கலாம்னு ஒரு ஆப்ஷன் போட்டா அவங்களுக்கு 140 மிச்சம், இவங்களுக்கு பெட்டியே மிச்சம்.

நிஜமாவே எடையில தப்பு நடக்குறதும் உண்டு, அதையும் சொல்லணும். பார்சல் ஹப்புக்குப் போனதும் மெஷின் அளக்கும். பெட்டி நடுவுல வயிறு தள்ளி இருந்தா அந்த வயிறுதான் அளவு. பக்கத்துப் பார்சலோட மாறி அளக்குறதும் நடக்கும். ஒரு வாரம் கழிச்சு வாலெட்ல இருந்து கூடுதலா காசு எடுத்திருப்பாங்க. அதை எதிர்த்துக் கேட்க குறிப்பிட்ட நாள்தான் டைம் குடுப்பாங்க, உங்க அக்ரிகேட்டர் எத்தனை நாள் குடுக்குறாங்கன்னு இன்னிக்கே பாத்து வெச்சுக்கோங்க. கேட்கும்போது ஆதாரம் வேணும். பெட்டியை ஒட்டி, லேபிளும் ஒட்டின பிறகு நாலு போட்டோ எடுங்க. டேப் வெச்சு நீளம், அகலம், உயரம்னு மூணு, தராசுல நம்பர் தெரியற மாதிரி ஒண்ணு. நாலுலயும் லேபிள் நம்பர் தெரியணும். லேபிள் இல்லாத போட்டோவை, அது உங்க பெட்டிதானான்னு கேட்டுத் தள்ளிடுவாங்க.